நான்காவது பங்கு யாருக்கு?

'என்ஜாய் எஞ்சாமி' பாட்டின் வருமானத்தில் ஒரு சதமும் தங்கள் மூவருக்கும் வந்துசேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் சொன்ன நாளிலிருந்து எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்: பாட்டை உருவாக்கிய அறிவு, தீ, சந்தோஷ் மூவருக்கும் அதை வெளியிட்ட மாஜ்ஜா நிறுவனம் எவ்வளவு கொடுக்கவேண்டும்? அந்தக் கணக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். என்னை எழுத வைத்தது அந்தக் கணக்கில் விடுபட்டுப்போன ஒன்று. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் மேடையில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு அரங்கேறி, உரிமைச் சண்டை வெடித்தபோது, சந்தோஷ் ஒரு விளக்கம் வெளியிட்டார். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமபங்கு என்று அதில் இருந்தது. பாட்டின் சில வரிகள் ஒப்பாரிக் கலைஞர்களிடமிருந்து வந்தவை என்றும் அதே விளக்கத்தில் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தவர்கள் எத்தனை பேர்? பாட்டு நான்கு தரப்பிலிருந்து வந்திருக்கிறது. பங்கைப் பற்றிய பேச்சு மூன்றோடு நின்றுவிட்டது.

கிளிநொச்சியிலிருந்து பார்த்தால் இது தமிழகத்துக் கலைஞர்களின் வீட்டுச் சண்டையாகத் தெரியாது. அந்தப் பாட்டின் கரு அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து இந்தியாவுக்குப் போன தலைமுறை அவருடையது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று மனிதரைப் பங்கு பிரித்தது. கப்பலேறாதவர்களில் பலர் 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களில் இன்றும் அவர்களின் பிள்ளைகள் வாழ்கிறார்கள். தோட்டத்துப் பெரட்டுக்கு ஆளழைத்த தப்பின் நினைவும், செத்தவீட்டில் சொல்லியழும் ஒப்பாரியும் அவர்களோடு வந்தவை. வன்னியின் சொந்தச் சொத்தும் சிறிதல்ல: முல்லைத்தீவின் கோவலன் கூத்து, அருவி வெட்டுப் பாட்டு, பண்டிப் பள்ளு, யானையை அடக்கிய அரியாத்தைக்கான ஒப்பாரி. மரபும் நவீனமும் கலந்த இசைத்தட்டு என்று உலகச் சந்தை தேடுகிற சரக்கு இதுதான். நாளை ரொரன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒலிவாங்கியோடு வருபவருக்கு நாம் என்ன நிபந்தனை வைக்கப்போகிறோம்?

நிபந்தனை வைக்காதவர்களுக்கு நடந்ததைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். இசை ஆய்வாளர் ஹியூகோ செம்ப் 1970 இல் சொலமன் தீவுகளில் உள்ள மலைட்டாவில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டு ஒன்றைப் பதிவுசெய்தார். யுனெஸ்கோவின் இசைத்தட்டு வரிசையில் அது வெளிவந்தது. 1992 இல் டீப் ஃபொரஸ்ட் என்ற பிரெஞ்சு இருவர் குழு அந்தக் குரலை எடுத்து, கீழே நடனத் தாளம் போட்டு, 'சுவீற் லலபை' என்று விற்றது. விளம்பரங்களில் ஒலித்தது, இசைத்தட்டு கிராமி விருதுக்குப் பரிந்துரையானது. செம்ப் எழுத்தில் கண்டித்தும் பலனில்லை. 1996 இல் நோர்வேயின் யான் கார்பரெக் அதே மெட்டைச் சாக்சபோனில் வாசித்தார். அவர் இட்ட தலைப்பு 'பிக்மி தாலாட்டு'. பசிபிக் தீவுப் பெண்ணின் பாட்டு நான்கு ஆண்டுகளில் ஆபிரிக்கக் காட்டுப் பாட்டாகிவிட்டது! பணம் போனதோடு ஊரும் போயிற்று. பெயர் எழுதப்படாத இடத்தில் அடுத்து அழிவது ஊர்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதற்குப் பக்கத்தில் தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டாவை வைத்துப் பாருங்கள். 1939 இல் அவர் பதிவுசெய்த 'ம்பூபே' பாட்டுத்தான் பின்னாளில் 'த லயன் ஸ்லீப்ஸ் ருநைற்' ஆகி, 1994 இல் டிஸ்னியின் 'லயன் கிங்' படத்தில் வந்தது. லிண்டா 1962 இல் வறுமையிலேயே இறந்தார். ஆனால் அவர் பெயர் பதிவில் இருந்தது. அந்த ஒரு பிடியை வைத்து, 1911 ஆம் ஆண்டு பிரித்தானியப் பேரரசின் பதிப்புரிமைச் சட்டத்தைத் தூசு தட்டி, பிள்ளைகள் வழக்காடினார்கள். 2006 இல் இணக்கத்தீர்வு பெற்றார்கள். அருளரின் மகள், பாடகி மாயாவின் 2007 ஆம் ஆண்டு 'கலா' இசைத்தட்டிலும் இதே பாகுபாடு உண்டு. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் லண்டன் கிளாஷ் குழுவின் பழைய பாட்டொன்றின் துணுக்கு வருகிறது. அக்குழுவினர் பாட்டின் ஆக்கியோர் பட்டியலில் இருக்கிறார்கள். 'போய்ஸ்' பாட்டைத் தூக்கி நிறுத்துவது உறுமி. உறுமி அடித்தவர்கள் அந்தப் பாட்டின் ஆக்கியோர் பட்டியலில் இல்லை. கிற்றார் அடித்தால் ஆக்கம், உறுமி அடித்தால் மூலப்பொருளா?

மரபு எல்லோருக்கும் பொது என்பார்கள். பொதுவென்றால் அதன் வருமானமும் பொதுவாகட்டும். கலந்தவர் மட்டும் பதிப்புரிமை எடுப்பது எந்தப் பொதுமை? இந்தக் கலப்பு இல்லாவிட்டால் கலை அழிந்துவிடும் என்பது அடுத்த வாதம். ஷெல்லடிக்குள்ளும் முகாமுக்குள்ளும் ஒப்பாரி அழியவில்லை. அதைக் காப்பாற்ற டிஜே வரவேண்டியதில்லை. ஆக்கியோன் யாரென்று தெரியாத பாட்டுக்கு யாருக்குப் பங்கு கொடுப்பது என்ற கேள்வி மட்டும் பதிலுக்குரியது. ஒப்பாரி சொல்லும் பெண் செத்தவரின் உறவுமுறையில் எடுக்கிறாள். அவர் செய்த தொழில், கட்டாமல் விட்ட வீடு, கரைசேராத பிள்ளை என்று அந்த இடத்திலேயே வரிகளைக் கட்டுகிறாள். சுற்றியிருப்பவர்கள் விம்மலில் அதை வாங்குகிறார்கள். மெட்டு பழையது, வரி அவளுடையது. வரி பழையதென்றே வைத்தாலும் குரல் அவளுடையது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகைக் கலைஞருக்கென்று தனி உரிமையே கொடுத்திருக்கிறது. அதே சட்டத்தின் 24 ஆம் பிரிவு, நாட்டார் கலையை வணிகத்துக்காக எடுத்தாள அனுமதியும் கட்டணமும் வேண்டும் என்கிறது. ஆனால் அனுமதி கொடுப்பது அரசு குறிக்கும் அதிகாரி. பணம் போவது பண்பாட்டு அபிவிருத்திக்கு. பாடிய கிராமம் அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. உலகப் புலமைச் சொத்து அமைப்பு 2024 மே மாதம் நிறைவேற்றிய உடன்படிக்கையும் மரபணு வளங்களோடும் அவை சார்ந்த மரபறிவோடும் நின்றுவிட்டது. பாட்டையும் கூத்தையும் தொடவில்லை.

ஆகவே கொழும்புக்காகவோ ஜெனீவாவுக்காகவோ காத்திருப்பதில் பொருளில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பிரதேச கலாசாரப் பேரவைகள் தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம் ஒன்றை எழுதி வைக்கவேண்டும். பாடியவர் பெயரும் ஊரும் இசையமைப்பாளரின் பெயர் அளவு எழுத்திலேயே வரவேண்டும். பதிவு நாளுக்கான கூலி அன்றைக்கே கையில், வருமானத்தில் நான்கில் ஒன்று பாடியவருக்கும் அவர் குழுவுக்கும். மறுகலவைக்கு மறுபடியும் அனுமதி. மூலப்பதிவின் ஒரு பிரதி பேரவையில். இந்த நிபந்தனையால் பத்து இசைத்தட்டுகள் வராமற் போனாலும் வன்னிக்கு நட்டமில்லை. அண்ணாவிமாரும் ஒப்பாரி சொல்லும் தாய்மாரும் கையொப்பமில்லாத எவருக்கும் வாய் திறக்கக்கூடாது. வருபவர் நம் ஊரிலிருந்து போன பிள்ளையாக இருந்தாலும் சரி.