எல்லா நெஞ்சுவலியும் வாய்வு அல்ல

நம் பக்கத்தில் நெஞ்சுவலிக்கு இரண்டே கணக்குதான். ஐம்பதைத் தாண்டியவர் என்றால் மாரடைப்பு. இருபது வயதுப் பையன் என்றால் வாய்வு. பையனுக்கு ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. அதனால்தான் இந்தக் கணக்கை யாரும் சந்தேகிப்பதில்லை.

சிலருக்கு நுரையீரலின் மேல்நுனியில் மெல்லிய காற்றுக் கொப்புளங்கள் இருக்கும். ஒன்று உடைந்தால், நுரையீரலுக்கும் விலாச்சுவருக்கும் நடுவே காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். நியூமோதொராக்ஸ் என்பார்கள். அடிபட வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வரும். உயரமாக, ஒல்லியாக இருக்கும் வாலிபர்களுக்கே அதிகம். சிகரெட் பிடித்தால் ஆபத்து பல மடங்கு. திடீரென ஒரு பக்கம் மட்டும் குத்தும் வலி, கூடவே மூச்சு வாங்கல். இதுவும் ஒருவகையில் வாய்வுதான். இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் வாய்வு.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு சேதி சொல்கிறேன். இந்த நோய்க்கு 1803-ல் பெயர் வைத்தவர் இத்தார் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1816-ல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லாயென்னெக், 1819-ல் இதன் அடையாளங்களை விவரித்தார். சுருங்கிய பக்கத்தில் மூச்சுச் சத்தம் குறையும். விரலால் தட்டினால் வெற்றுப் பானைபோல ஒலிக்கும். இருநூறு வருஷத்துக்கு முன்பே காதால் கண்டறிந்த நோய் இது. இன்று ஒரு எக்ஸ்ரே போதும். அதையும் எடுக்காமல் வலி ஊசி போட்டு அனுப்புவது நியாயமில்லை என்பது என் கருத்து.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் விலாவில் குழாய் சொருகுவார்கள்" என்ற பயமும் வேண்டாம். கொஞ்சம் காற்று என்றால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். அதிகமானால் ஊசியால் இழுப்பார்கள், அல்லது குழாய் வைப்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 316 பேரிடம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில், காற்று அதிகம் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்குக் குழாய் இல்லாமலே எட்டு வாரத்தில் நுரையீரல் விரிந்தது. ஆனால் எது யாருக்கு என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மூச்சு திணறி உதடு நீலம் பாய்ந்தால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அங்கே நிமிஷக் கணக்கு.

நம் நாட்டில் காசநோயாலும் இது வரும் என்பதால் சளிப் பரிசோதனையும் கேளுங்கள். ஒருமுறை வந்தால் மறுபடி வரலாம்; சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். வளைகுடாவுக்கு விமானம் ஏறப்போகும் பிள்ளைகள் முழுக்கக் குணமான பிறகு மருத்துவரிடம் கேட்டே ஏறட்டும்.

2022 முதல் ஒரத்தூரில் நமக்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூரம் என்ற சாக்கு இனி செல்லாது.