சிக்கனக் குடித்தனம்: டாவோவில் முருங்கைக்கீரை



அம்பத்தூரிலிருந்து ஒரு இளம் தாய் கடிதம் எழுதியிருக்கிறாள். அவள் கணவருக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டில் டாவோ என்ற ஊரில் இரண்டு வருஷத்துக்கு வேலையாம். ஒரு வயசுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவளும் புறப்படுகிறாள். "அக்கா, கொட்டிக் கொடுக்கிற சம்பளம் இல்லை. அங்கே கட்டுச்செட்டாகக் குடித்தனம் செய்ய முடியுமா? உங்கள் பெண் அந்த ஊரில்தானே படித்தாள்?" என்று கேட்டிருக்கிறாள்.

படித்தாள், தங்கச்சி. அதைப் பற்றி இதே பகுதியில் ஒரு தடவை பெருமையாக எழுதியும் இருக்கிறேன். மற்றவர்கள் மாதம் முப்பதாயிரம் அனுப்புகிறார்கள், என் பெண் பதினெட்டாயிரம் ரூபாயில் சமாளிக்கிறாள், பார்த்தீர்களா என்று! அந்தப் பக்கத்தை யாராவது கத்தரித்து வைத்திருந்தால் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வேலப்பன்சாவடி வீட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனால் மருத்துவக் கல்லூரிக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வெள்ளைக்கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். ஆனால் தனியாரில் கேட்ட பணம் எங்கள் வீட்டையே விற்றாலும் தேறாது. அதனால்தான் 2018-ல் கடல் கடந்து அனுப்பினோம். டாவோவில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏராளம். கொரோனா வந்து 2020-ல் திரும்பி, வீட்டிலிருந்தபடியே பாடம் கேட்டு, 2022-ல் மறுபடி போனாள்.

(இங்கே ஒரு வார்த்தை. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் விதியை மாற்றியது. வெளிநாட்டுப் படிப்பு 54 மாதமாவது இருக்க வேண்டும் என்றது. பிலிப்பைன்ஸில் எம்.டி. படிப்பு நாலு வருஷம்தான். என் பெண் அதற்கு முன்னால் சேர்ந்தவள், தப்பித்தாள். பிள்ளையை அனுப்ப நினைக்கிறவர்கள் ஏஜெண்ட் பேச்சை நம்பாமல் ஆணையத்தின் விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.)

2023 ஏப்ரலில் ஒருநாள் அவளுடன் தங்கியிருந்த பெண் போன் செய்தாள். "ஆன்ட்டி, பயப்படாதீங்க..." என்று ஆரம்பித்தாலே வயிற்றைப் பிசையுமே! வார்டில் நின்றுகொண்டே மயங்கி விழுந்திருக்கிறாள். ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். டாக்டருக்குப் படிக்கிற பெண்!

விசா எடுத்து, சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து டாவோ என்று நானே கிளம்பிப் போனேன். சமையலறையை மாமியார் ஏற்றுக்கொண்டார். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்துக்கொண்டு இரண்டு விமானம் மாறிய கதை இன்னொரு நாளைக்கு.

வாடகை வீட்டில் அவள் பெட்டியைத் திறந்து கணக்கு நோட்டைப் பார்த்தேன். ஒரு பெசோ நம் பணத்தில் ஒன்றரை ரூபாய் போல. நாங்கள் அனுப்பியது 12,000 பெசோ. வீட்டு வாடகையில் இவள் பங்கு 3,000. கரண்ட் 1,400. தமிழ்ச் சாப்பாடு மெஸ்ஸிலிருந்து மதியம் மட்டும், மாதம் 4,500. ஜீப்னிக்கு 1,000. ஜெராக்ஸ், போன் 1,500. கூட்டினால் 11,400. மீதி அறுநூறு பெசோவில்தான் முப்பது நாள் காலை டிபனும் ராத்திரிச் சாப்பாடும்! அதாவது காலையில் டீ, ராத்திரி நூடுல்ஸ். அதுவும் சில நாள் கிடையாது. "அப்பா கடனைப் பார்த்தால் கேட்க மனசு வரலைம்மா. நீ வேற பத்திரிகையில் எழுதிட்டியா..." என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சரி, அழுது என்ன ஆகப் போகிறது? மறுநாள் விடிகாலையில் பெண்களோடு ஜீப்னி ஏறி பங்கெரோஹான் மார்க்கெட்டுக்குப் போனேன். ஜீப்னி என்பது நம் ஷேர் ஆட்டோவுக்குப் பெரியண்ணன். நீளமாக இரண்டு பெஞ்சு. காசைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தால் கைக்குக் கை மாறி டிரைவரிடம் போய், சில்லறையும் அதே வழியில் திரும்பி வருகிறது. ஒரு பெசோ குறையவில்லை! இறங்க வேண்டுமென்றால் "லுகார் லாங்" என்று குரல் கொடுக்க வேண்டும்.

மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். நீளக் கத்திரிக்காய், பாகற்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ, வெண்டைக்காய், முழ நீளக் காராமணிக்காய், சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, இஞ்சி, பூண்டு, தேங்காய்... கோயம்பேட்டில் நிற்கிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதோ, கட்டுக் கட்டாக முருங்கைக்கீரை! அங்கே அதற்குக் கமுங்காய் என்று பெயர். மணிலாப் பக்கம் மலுங்காய் என்பார்களாம். பச்சைப்பயறு மோங்கோஸ். வெள்ளிக்கிழமை தோறும் பயறும் முருங்கைக்கீரையும் சேர்த்து ஒரு கூட்டு வைப்பது அங்கே வழக்கம். நெத்திலி உண்டு. கருவாடும் உண்டு, அதன் பெயர் புவாட்.

"ஏண்டி, இத்தனையும் இங்கே குவிந்து கிடக்கிறது, நீங்கள் நூடுல்ஸ் தின்கிறீர்களா?" என்றேன். மூன்று பெண்களும் திருதிருவென்று விழித்தார்கள். அவர்களுக்குத் தமிழ்ச் சாப்பாடு என்றால் இட்லி, சாம்பார். அதற்குத் துவரம்பருப்பும் உளுந்தும் இந்தியக் கடையில்தான் வாங்க வேண்டும். விலையோ நம் ஊரைப் போல் மூன்று மடங்கு. ஒரு தடவை வாங்கிக் கை சுட்டுக்கொண்டு, சமையலே கட்டாது என்று முடிவுகட்டி அடுப்பை மூடிவிட்டார்கள்.

தங்கச்சி, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சாமானை இந்தியக் கடையில் தேடினால் கை கடிக்கும். அந்த ஊர் மண்ணில் விளைவதை வாங்கி நம் கைப்பக்குவத்தில் செய்தால் கட்டும். நான் இருந்த இரண்டு மாதமும் உளுந்தை மறந்தோம். பயறும் அந்த ஊர்ப் பச்சரிசியும் ஊறவைத்து, இஞ்சி பச்சைமிளகாய் சேர்த்து அரைத்துப் பெசரட்டு. பயறும் தக்காளியும் போட்டு சாம்பார் மாதிரி ஒன்று. புளிக்குப் பதில் கலமான்சி என்று கோலிக்குண்டு அளவில் ஒரு எலுமிச்சை, சல்லிசாகக் கிடைக்கிறது. தேங்காயை மார்க்கெட்டிலேயே மெஷினில் துருவிக் கொடுக்கிறார்கள். நம் மொந்தன் ஜாதியில் சாபா என்று ஒரு வாழை, வேகவைத்துச் சாயங்காலப் பலகாரம்.

அரிசி மட்டும் சாதம் குழைந்து ஒட்டிக்கொள்ளும். புழுங்கலரிசிக்கு ஏங்காதே. தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பழகிவிடும். நான் போனபோது கிலோ நாற்பத்தைந்து பெசோவுக்கு நல்ல அரிசி கிடைத்தது. மூட்டையாக வாங்கினால் இன்னும் சற்றுக் குறையும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. கலுங்கோங் என்று சாதாரண ஜனங்கள் வாங்குகிற ஒரு மீன், குழம்புக்கு நன்றாக இருக்கும். வெளியில் சாப்பிட்டால் மட்டும் கவனம் வேண்டும். கரிந்தேரியா என்று தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, மலிவுதான். ஆனால் காய்க்கூட்டு மாதிரி தெரிவதில்கூடப் பன்றிக்கறித் துண்டு போட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு வாங்கு.

ஒரே கடையில் தொடர்ந்து வாங்கினால் "சுகி" ஆகிவிடலாம். நம் வாடிக்கைதான். நாலாவது தடவை போனபோது காய்க்காரி ஒரு கைப்பிடி பச்சைமிளகாயைக் கொசுறாகப் போட்டாள். பெண்கள் அவளை "ஆத்தே" என்று கூப்பிட, எனக்கு "அத்தை" என்று காதில் விழுந்தது. அக்கா என்று அர்த்தமாம்!

தெருமுனையில் சாரி-சாரி என்று பெட்டிக்கடைகள். எண்ணெய், சோப்பு எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாக விற்பார்கள். அவசரத்துக்கு வாங்கலாம். அதிலேயே குடித்தனம் நடத்தினால், பத்துப் பொட்டலத்தின் விலையில் முழுப் புட்டி வாங்கியிருக்கலாமே என்று மாதக்கடைசியில் தெரியும்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் மூவரும் பஹாடா பகுதியில் 9,000 பெசோவுக்கு ஒரு சின்ன வீடு எடுத்திருந்தார்கள். ஒரு மாதம் முன்பணம், இரண்டு மாதம் டெபாசிட். குறைந்த வாடகை வீடுகளுக்கு இதற்குமேல் கேட்கக்கூடாது என்று 2009-ல் போட்ட சட்டமே இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து வாடகைக்குப் போன நமக்கு இது ஆச்சரியம்தான்! ஆனால் டெபாசிட் திரும்பி வர வேண்டுமென்றால், குடிபோகும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவை.

முதுகை ஒடிப்பது கரண்ட்தான். இங்கே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வாங்கிப் பழகிய கைக்கு அந்த பில்லைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். பெண்கள் ராத்திரி முழுக்க ஏ.சி. போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். படுக்கும்போது இரண்டு மணி நேரம், பிறகு ஃபேன் என்று மாற்றினேன். முணுமுணுத்தார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அடுப்புக்கு 11 கிலோ சிலிண்டர். பயறை இரவே ஊறவைத்து குக்கரில் வைத்ததில் கேஸும் மிச்சம்.

இனி புதுக் கணக்கைக் கேளுங்கள். வாடகை 3,000, கரண்ட் 900, மெஸ்ஸை நிறுத்திவிட்டு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு அவள் பங்கு 4,200, கேஸும் குடிதண்ணீர் கேனும் 500, ஜீப்னியும் ஜெராக்ஸும் போனும் பழையபடி 2,500. மொத்தம் 11,100! முன்பு ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஆன பணத்துக்கும் குறைவில் மூன்று வேளை. சமையலுக்கு முறை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி அரிந்தால் ஒருத்தி தாளிப்பாள், மூன்றாமவள் பாத்திரம்.

இவரிடம் சொல்லி மாதம் மூவாயிரம் ரூபாய் கூடவே போடச் சொன்னேன், பால் பழத்துக்கு. மாதாமாதம் அனுப்பாமல் மூன்று மாதத்துக்குச் சேர்த்து அனுப்பினோம், பாங்க் கமிஷன் இரண்டு தடவை மிச்சம்.

கீரையிலேயே ரத்தம் ஊறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 8.4 இருக்கும்போது டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைதான் வேலை செய்தது. மாத்திரை போட்டவுடன் டீ குடிக்காதே, சத்து ஏறாது என்று அந்த டாக்டரம்மா கண்டித்தார். கலமான்சிச் சாறு நல்லது என்றார். நான் திரும்பும்போது 11-ஐத் தொட்டிருந்தது. அதற்கப்புறம் நான் போனில் கணக்குக் கேட்பதை விட்டுவிட்டேன். ராத்திரித் தட்டைக் காட்டு என்பேன். சிரித்துக்கொண்டே காட்டுவாள். படிப்பை முடித்து வந்துவிட்டாள், இப்போது இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி.

தங்கச்சி, உனக்குக் குழந்தை இருப்பதால் இரண்டொரு விஷயம். கேழ்வரகு மாவு, பருப்புப்பொடி, பெருங்காயம், சாம்பார்ப்பொடி, கடுகு, சீரகம் இதெல்லாம் இங்கிருந்தே பாக்கெட்டில் எடுத்துக்கொள். பழம், விதை, செடி வேண்டாம், விமான நிலையத்தில் வம்பு. குழந்தைக்கு அந்த ஊர் அரிசிக் கஞ்சி, லுகாவ் என்பார்கள், நன்றாக ஒத்துக்கொள்ளும். டெங்கு உள்ள ஊர், அதனால் கொசுவலை அவசியம். ஒருவயசுத் தடுப்பூசிகளை இங்கேயே போட்டு, அட்டையைக் கைப்பையில் வை. தீபாவளிக்குப் பட்டாசு என்று குழந்தைக்கு ஆசை காட்டாதே. அந்த நகரத்தில் 2002-லிருந்தே தடை!

மிக்ஸி கொண்டுபோகலாம், எங்களுடையது ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அங்கே பிளக் மட்டும் தட்டை முள். அதற்கான அடாப்டர் இரண்டு எங்கள் வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கின்றன. திருவேற்காட்டுக் கருமாரியைக் கும்பிட வருகிற அன்று ஒரு நடை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போ. அந்தப் பெசரட்டையும் சாப்பிட்டுப் பார்க்கலாம்.