கடல் கடப்பதா?

இயற்பியல் முதுகலை முடித்த நம் மாணவர் ஒருவருக்கு அயல்நாட்டில் மீண்டும் ஒரு முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. தாயின் நகையை அடகு வைக்கும் பேச்சும் வீட்டில் எழுந்தது. போகலாமா என்று என்னைக் கேட்டார்.

சர் சி. வி. இராமன் கல்கத்தாவிலேயே ஆய்ந்து 1930-இல் நோபல் பரிசு பெற்றார்; அதே ஆண்டில் அவர்தம் அண்ணன் மகன் சந்திரசேகர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். முன்னோரைக் காட்டி இருபுறமும் வாதாடலாம். எனினும் அப்துஸ் சலாமின் வாழ்வே இங்கு நினைக்கத்தக்கது. கேம்பிரிட்ஜில் பயின்று 1951-இல் லாகூர் திரும்பியவர், ஆய்வுத் துணையின்றித் தனிமையுற்றார். 1954-இல் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்றார். அத்தனிமை பிறர்க்கு நேரலாகாதென்றே 1964-இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஆய்வு மையம் நிறுவினார்.

இன்று நம் நாட்டில் ஆய்வுத் துணைக்குப் பஞ்சமில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சென்னைக் கணித அறிவியல் நிறுவனமும் உதவித்தொகை தந்தே ஆய்வாளரைச் சேர்க்கின்றன. அமெரிக்காவிலும் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைப்பதே பெருவழக்கு. கைப்பொருள் கரைவது முதுகலைக்குத்தான். நகையை விழுங்கும் அழைப்பை ஏற்க வேண்டா என்பதே என் துணிபு.

"தம்பி, எந்த வினாவை ஆராய விழைகிறீர்?" என்றேன். அவர் ஒரு நாட்டின் பெயரைச் சொன்னார்.