அழுதால் ஈமான் குறையுமா?



2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிற்சாலைகள் ஓய்ந்தன. அவ்வாண்டு ரமழானில் தராவீஹை வீட்டுக்குள்ளேயே தொழுதோம். பெருநாள் தொழுகைக்கு ஈத்காஹ் செல்லவும் வழியில்லை. பிறகு தொழில் மீண்டது, பள்ளிவாசல்களும் திறந்தன. மீளாத துயரம் ஒன்று மட்டும் பல இல்லங்களில் இன்றும் மூலையில் அமர்ந்திருக்கிறது. "என் அத்தாவை என் கையால் குளிப்பாட்டவில்லையே, முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே" என்னும் துயரம் அது.

மய்யித்தைக் குளிப்பாட்டக் கூடாது, முத்தமிடக் கூடாது என்று 2020 மார்ச் 15 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் நெறிமுறை வகுத்தது. உறையின் முகப்பகுதியைத் திறந்து உறவினருக்குக் காட்ட அதே நெறிமுறை அனுமதித்தது. எனினும் அச்சத்தினால் அந்த வாய்ப்பும் பலருக்குக் கிட்டவில்லை. தமுமுக போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் கவச உடையணிந்து, பிற சமயத்தவரையும் சேர்த்தே நல்லடக்கம் செய்தார்கள். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!

குளிப்பாட்ட இயலாவிடில் தயம்மும்; அதற்கும் இயலாவிடில் அந்தக் கடமை நீங்கிவிடுகிறது. உலமாக்கள் அன்றே இதைத் தெளிவுபடுத்தினார்கள். கொள்ளைநோயில் இறப்பவர் ஷஹீதின் தகுதி பெறுகிறார் என்பது நபிமொழி. ஆகவே உங்கள் தந்தைக்கு நீங்கள் குறைவைத்தவர் அல்லர். ஆயினும் சட்டம் தெளிந்துவிட்டது என்பதற்காக நெஞ்சு உடனே ஆறிவிடுமா? ஆறாது.

இங்கேதான் நம்மவர் சிலர் தவறு செய்கின்றனர். "ஸப்ர் செய், அழாதே" என்று வாயை அடைத்துவிடுகின்றனர். ஒப்பாரி வைத்து மாரடிப்பது வேறு, கண்ணீர் வேறு. தம் மகன் இப்ராஹீம் உயிர் பிரிந்த வேளையில் நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின, 'தாங்களுமா?' என்று வியந்த தோழரிடம் அது இரக்கம் என்றே விளக்கினார்கள். ஹதீஸ் கலையின் பேரறிஞர் இப்னு ஹஜர் அஸ்கலானீ தம் பெண்மக்கள் மூவரைக் கொள்ளைநோயில் இழந்தவர். அந்நோயைப் பற்றியே 'பத்லுல் மாஊன்' என்னும் நூலை எழுதினார். அவருடைய ஈமானைக் குறைகூற யாருக்குத் துணிவு வரும்?

இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பிருந்த இளந்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரிடம், உடலுக்கும் கண்ணுக்கும் அவர்மீது உரிமை உண்டென்று நபியவர்கள் உணர்த்தினார்கள். துக்கத்தில் உண்ணாமலும் உறங்காமலும் தம்மையே தண்டித்துக்கொள்பவருக்கும் இது பொருந்தும். வணக்கத்துக்கே எல்லை இருக்கையில் வருத்தத்துக்கு இராதா?

அத்தாவுக்காக இப்போதும் செய்யக்கூடியவை உண்டு. கபரஸ்தான் சென்று துஆச் செய்யலாம். அவர் பெயரால் ஸதகா கொடுக்கலாம். அவர் தர வேண்டிய கடன் இருப்பின் தீர்க்கலாம். கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தால் மனத்தின் பாரம் சற்றுக் குறைகிறது.

அதற்கும் மேலாக உறக்கம் வராமல், உணவு இறங்காமல், வாழ்வே வெறுத்துப்போகும் நிலை நீடிக்குமாயின் மருத்துவரை நாடுங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. பைத்தியம் என்று ஊர் பேசுமோ என அஞ்சுவோர், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் வீட்டிலிருந்தே பேசலாம், தமிழிலேயே பேசலாம்.