பொழுதை மறந்த விடுமுறை

சித்திரை பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே, சந்திக்கும் அன்பர்கள் யாவரும் ஒரே வினாவை எழுப்பத் தொடங்கிவிடுகின்றனர்: "இம்முறை விடுமுறைக்கு எங்கே?" இதற்கு நம்மவரிடம் ஆயத்தமாக இருக்கும் விடை பெரும்பாலும் நுவரெலியா என்பதே. அங்கே செல்ல வசதியற்றோரும், செல்ல இயலவில்லையே என்னும் குறையுடனேயே வீட்டில் தங்குகின்றனர். விடுமுறை என்றால் ஊரை விட்டு நீங்குதல். இயற்கை அழகு என்றால் குளிரும் மூடுபனியும் பச்சை மலையும். இவ்வெண்ணம் நம் மனத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டது. இது எங்கிருந்து வந்தது, இதனால் நாம் பெற்றது எது, இழந்தது எது என்பவற்றைச் சிறிது ஆராய விரும்புகிறேன்.

மலைநாட்டைப் பழிப்பது என் கருத்தன்று. பழித்தால் நாக்கு அழுகிவிடும். ஆயினும், அந்த மலைநகருக்கு விடுமுறைக்குச் செல்லும் வழக்கத்தை நமக்குக் கற்பித்தவர் யார் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848ஆம் ஆண்டில் அங்கே குடியேறினார். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ் பெற்றவரும் அவரே. தம் நாட்டுக் கால்நடைகளையும் விதைகளையும் வேலையாட்களையும் கப்பலேற்றிக் கொணர்ந்து, கடல்மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேலே ஓர் ஆங்கிலக் கிராமத்தை அமைக்க முற்பட்டார். பின்னர் கிரகரி தேசாதிபதியின் காலத்தில், 1873இல், ஏரி வெட்டப்பட்டது. குதிரைப் பந்தயம், கொல்வ் ஆட்டம், மலர்க் காட்சி என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

இதற்காக அவர்களைக் குறைகூற முடியாது. கொழும்பின் புழுக்கத்தில் வெந்து, பிறந்த மண்ணை நினைந்து ஏங்கியவர்கள், தம் ஊரைப் போன்ற ஓரிடத்தைக் கண்டதும் அங்கே ஓடினார்கள். அவர்களுக்கு அது வீடு திரும்புதலை ஒத்தது. அவர்கள் போய்விட்டனர்; அவர்கள் நடந்த பாதையில் நாம் இன்னும் நடக்கின்றோம். நாம் எந்த ஊரை நினைந்து அங்கே ஏறுகின்றோம்?

போர்க்காலத்தில் வடபகுதி மக்களுக்கு இவ்வினாவே எழவில்லை. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014இல் மீண்டும் வந்து சேர்ந்தது. பாதை திறந்ததும் பயணமும் பெருகிற்று. நானும் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சித்திரையில் குடும்பத்தாருடன் நுவரெலியா சென்றேன். ஏரியைச் சுற்றி வாகனங்கள் நகர வழியின்றி நின்றன. அறை வாடகை மற்றைய மாதங்களிலும் பன்மடங்கு. நான்கு நாள் விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு நாள் வாகனத்துக்குள்ளேயே கழிந்தது.

தேயிலைச் சரிவொன்றின் ஓரத்தில் படம் பிடிப்பதற்காக இறங்கினோம். கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியிற் சுமந்து நின்ற பெண்ணொருத்தி, தன்னால் எங்கள் படம் கெடக்கூடாது என்று எண்ணினாளோ என்னவோ, இரண்டடி ஒதுங்கி நின்றாள். அவளின்றி அந்தப் படமே இல்லை என்பது வீடு திரும்பிய பின்னரே எனக்கு உறைத்தது. நாம் இயற்கை அழகு என்று வியக்கும் அந்தப் பச்சைக் கம்பளம் இயற்கை தந்ததன்று. அங்கிருந்த பெருங்காடு முதலிற் கோப்பிக்காக அழிக்கப்பட்டது. 1869இல் இலைநோய் கோப்பியைப் பற்றியது. அதற்கு ஈராண்டு முன்னர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை, பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. வெட்டாது விட்டால் தேயிலைச் செடி மரமாக வளர்ந்துவிடும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் கைகள் கிள்ளியும் கவ்வாத்து வெட்டியும் காத்து வருவதே அந்த அழகு. அதை இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டு, லயத்தைத் திரும்பிப் பாராமல் வருவது நன்றி மறத்தல் ஆகும்.

இனி, என் கருத்தின் நடுவுக்கு வருகிறேன். குளிர்நாட்டின் அழகு பருவத்தில் இருக்கின்றது. நம் போன்ற வெப்பநாட்டின் அழகு பொழுதில் இருக்கின்றது. இலண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே எட்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்தில் அது ஒரு மணித்தியாலத்தைச் சற்றே மிஞ்சும். எனவே குளிர்நாட்டார் கோடையின் நாள்களை எண்ணிக் காத்திருந்து, வெயில் வந்தவுடன் கடற்கரைக்கு விரைகின்றனர். நண்பகல் வெயில் அவர்களுக்குச் செல்வம். நமக்கோ ஆண்டு முழுவதும் வெயில். ஆனால், அவர்கள் ஓராண்டிற் காணும் மாற்றத்தை நாம் ஒரு நாளுக்குள்ளேயே காண்கின்றோம். வைகறையின் குளிர்ச்சியும் நண்பகலின் தகிப்பும் மாலையின் கனிவும் ஒரே மண்ணின் மூன்று முகங்கள். சித்திரை பிறக்கும் நாள்களை ஒட்டி நடுப்பகற் சூரியன் யாழ்ப்பாணத்தின் நேர் உச்சிக்கு வருகின்றது. நட்ட கம்புக்கு நிழல் இல்லை. அந்த வேளையில் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த ஊரில் என்ன அழகு இருக்கின்றது என்று கேட்பது நியாயமாகுமா?

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு ஞாயிறு சாயும் எற்பாடு, பாலைக்கு நண்பகல் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய வேளை குறிக்கப்பட்டது. இதனைப் புலவரின் கற்பனை என்று ஒதுக்குவோர் உளர். வெப்பநாட்டில் வாழ்ந்து, கண்ணால் கண்டவர்களின் அனுபவம் அது என்பதே என் துணிபு. நாமோ நிலத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு பொழுதைக் கைவிட்டோம்.

நான் இதனைக் கற்றது நூலிலன்று. சிறுவயதில் பள்ளிக்கூடம் விடுதலை விட்டதும் எங்களை வடமராட்சி கிழக்கில் இருந்த அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கிழக்கு வெளுக்குமுன் அம்மம்மா எழுப்பிவிடுவார். ஈரமணலில் நடந்து கரைக்குச் சென்றால், கரைவலை இழுப்போரின் குரல் கேட்கும்; உருவம் தெரியாது. சிறிது சிறிதாக வானம் சிவந்து, கடலிலிருந்து சூரியன் எழும்போது, வலையின் மடியும் கரைக்கு வந்திருக்கும். சித்திரையில் அந்தக் கடல் குளத்துநீர் போற் கிடக்கும்; வைகாசியிற் சோளகம் எழுந்துவிடும்; மார்கழியில் வாடைக்காற்றோடு அலை இரையும். மணல் சுடுமுன் வீடு திரும்பிப் பழஞ்சோறு உண்போம். நடுப்பகலில் வேப்பமர நிழலை விட்டு அகல எவருக்கும் அனுமதி இல்லை. அழுதாலும் அம்மம்மாவின் விடை ஒன்றே: "வெயில் தாழட்டும் பிள்ளை." வெயில் தாழ்ந்ததும் மறுபடியும் கரைக்கு ஓடுவோம். பின்னால் இருந்த பனங்கூடலுக்குள் சூரியன் இறங்க, பனைகளின் நிழல் மணற்குன்றுகளின் மேல் நீண்டுகொண்டே போகும். இயற்கை அழகு என்னும் சொல்லை அம்மம்மா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் எந்த வேளையில் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்று நம் கடற்கரைகளுக்கு மக்கள் எப்போது வருகின்றனர்? காலையுணவை முடித்து, வாகனம் பிடித்து, உச்சிவேளையில் வந்திறங்குகின்றனர். சவுக்குமர நிழலை விட்டு நகர இயலாமல், கொணர்ந்த சோற்றுப் பொதியை உண்டு, பிளாஸ்திக்குப் போத்தலை அங்கேயே போட்டு, "சரியான வெக்கை" என்று முறையிட்டுத் திரும்புகின்றனர். மலைநாட்டிலும் இதே கதைதான். ஹோட்டன் சமவெளியின் உலகமுடிவுக்கு விடியற்காலையிற் செல்வோர் இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்ட பள்ளத்தாக்கைக் காண்பர்; காலை முதிர்ந்தபின் செல்வோர் பெரும்பாலும் வெண்முகிலையே கண்டு மீள்வர். பொழுதறிந்த பயணத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், சிவனொளிபாதமலை யாத்திரிகரைப் பாருங்கள். இரவெல்லாம் படியேறி உச்சியில் உதயத்துக்குக் காத்திருக்கின்றனர். மலையின் நிழல் முக்கோணமாக மறுபுறத்து மூடுபனியில் விழும் காட்சி சிறிது நேரமே நிலைப்பது. அதற்காகவே அவர்கள் உறக்கத்தை விடுகின்றனர்.

ஓர் ஆட்சேபம் எழலாம். "உழைத்துக் களைத்தவனுக்கு இடமாற்றம் வேண்டாமா? வீட்டு முற்றமே போதும் என்பது வசதியற்றவனின் ஆறுதல் அல்லவா?" இதில் உண்மை உண்டு. ஆண்டுக்காண்டு வெப்பம் கூடிவருவதையும் மறுக்க இயலாது. கரையில் பிழைப்போருக்கு அதே வைகறை கடும் உழைப்பின் வேளை என்பதையும் நான் மறக்கவில்லை. ஆயினும் வீடுகளைப் பாருங்கள். முற்றத்துக்குச் சீமெந்து பூசினோம். குப்பை விழுகின்றதென்று வேம்பை வெட்டினோம். ஓலைக்கும் ஓட்டுக்கும் பதிலாக, பகலின் சூட்டை இரவெல்லாம் உமிழும் கூரையை அமைத்தோம். பின்னர் நிழல் தேடி இருநூறு மைலுக்கு மேல் பயணம் செய்கின்றோம்.

இது இன்பத்தைப் பற்றிய விசாரணை மாத்திரமாயின் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். பார்க்கப்படாத பொருள் காக்கப்படுவதில்லை என்பதே என் கவலை. போர்க்காலத்தில் கரையை நெருங்கவே அனுமதி வேண்டிநின்ற ஆண்டுகள் பல. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தக் கரையிலேயே பேரழிவு செய்தது. ஆகவே ஒரு தலைமுறை கடலை அச்சத்தோடு மட்டுமே அறிந்து வளர்ந்தது. அது அவர்கள் பிழையன்று. ஆனால் இப்போது அதே கரையில் மணல் வண்டி வண்டியாக வெட்டிச் செல்லப்படும்போது, இழப்பு இன்னதென்று அறிந்து குரல் கொடுப்போர் சிலரே. மணற்காட்டில் குன்றுகளிடையே பாதி புதைந்து நிற்கும் பழைய தேவாலயத்தைக் கண்டோர், அந்த மணலின் வலிமையை அறிவர். அதனை நிறுத்திவைப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழி நமக்கு நினைவிருக்கின்றது, கொடியைத்தான் மறந்துவிட்டோம். மணலின் அடியில் மழைநீர் தங்கிக் கிணறுகளுக்கு நன்னீர் தருகின்றது. குன்று போனால் அலைக்குத் தடையும் போகும். கிணற்று நீரும் உவராகும்.

நுவரெலியாவுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள், வைகறையில் எழுந்து மலையைப் பாருங்கள், கொழுந்து பறிப்பவரையும் பாருங்கள். ஆனால் விடுமுறையில் இரண்டு நாளை உங்கள் ஊருக்கென ஒதுக்குங்கள். ஒரு விடியலும் ஒரு மாலையும் போதும். பிள்ளைகளை அழைத்துச் சென்று, கொடிக்கும் காற்றுக்கும் நம்மவர் இட்ட பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். பள்ளி ஆசிரியர்களும் ஆண்டுக்கொரு முறையாவது இதனைச் செய்யலாம், செலவு அதிகமில்லை.

வருகின்ற சித்திரையில் என் பேத்தியை அம்மம்மாவின் கரைக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். வேம்பு இப்போது அங்கில்லை. குன்றுகளிற் சில எஞ்சியிருக்கின்றன. நான்கு மணிக்கே எழும்ப வேண்டும் என்று அவளுக்கு இப்போதே சொல்லி வைத்துள்ளேன்.