நீக்கும் முன் தேடுக

கலைக்களஞ்சியம் என்றதும் நூலக அலமாரியில் வரிசையாக நிற்கும் தடித்த தொகுதிகளே நம் நினைவுக்கு வரும். ஆ. சிங்காரவேலு முதலியார் அரும்பாடுபட்டுத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910-இல் வெளிவந்தது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் 1954 முதல் 1968 வரை வெளியாயின. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அங்கே ஆசிரியர்களே முடிவு செய்தனர். விடுபட்டது எது என்பது படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

2001-இல் ஆங்கிலத்திலும் 2003-இல் தமிழிலும் தொடங்கிய விக்கிப்பீடியா இந்நிலையை மாற்றியது. அதில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம், ஒரு கட்டுரையை நீக்குமாறு கோரவும் செய்யலாம். கோரிக்கை எழுந்ததும் இரு தரப்பாரும் வாதிடுவர். இறுதியில் நிர்வாகி முடிவு கூறுவார். தலைகளை எண்ணுவதன்று, காரணங்களை எடைபோடுவதே அங்கு முறை.

"இணையத்தில் தாளுக்கா பஞ்சம்? இருந்துவிட்டுப் போகட்டுமே!" என்பர் ஒரு சாரார். "விளம்பரமும் வீண்புகழ்ச்சியும் பொய்யும் மலிந்தால் களஞ்சியம் குப்பைமேடாகிவிடாதா?" என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. களை எடுக்காத வயலில் நெல் விளையாது. ஆனால் களையையும் பயிரையும் பிரித்தறியாதவர் கையில் அரிவாளைக் கொடுக்கலாமா?

கனடா நாட்டு இயற்பியல் அறிஞர் டோனா ஸ்டிரிக்லண்டின் கதையைப் பாருங்கள். 2014-இல் அவரைப் பற்றி எழுதப்பட்ட ஆங்கிலக் கட்டுரை, பிறர் எழுத்தைப் படியெடுத்தது என்பதால் நீக்கப்பட்டது. அது நியாயமே. 2018 மே மாதத்தில் வேறொரு வரைவு வந்தது. அவரது சிறப்பைக் காட்டப் போதிய சான்று இல்லை என்று அதுவும் ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது! மேரி கியூரி, மரியா கெப்பர்ட் மேயர் ஆகியோருக்குப் பின் இயற்பியலில் அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண்மணி அவர். அவருடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட ழெரார் மூருவுக்கோ முன்பே கட்டுரை இருந்தது. பெண்ணின் உழைப்பைப் பத்திரிகைகள் எழுதாவிட்டால் சான்று எங்கிருந்து வரும்?

தமிழிலும் ஒரு சோதனை நேர்ந்தது. 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கூகுள் நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஆங்கிலக் கட்டுரைகள் பல தமிழில் பெயர்க்கப்பட்டு விக்கிப்பீடியாவில் இடப்பட்டன. அவற்றின் நடையும் பிழைகளும் தமிழ் எழுத்தாளர்களை வருத்தின. ஆயினும் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டியெறியாமல், குறைகளைச் சுட்டிக்காட்டித் தரத்தை உயர்த்தும்படி அவர்கள் வற்புறுத்தினர். அதுவே சிறந்த வழி என்பது என் துணிபு.

புதுச்சேரிக்காரர்களான நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. நம் ஊரின் பழைய பதிவுகள் பல பிரெஞ்சு மொழியில் உள்ளன. வேறு பல தமிழ் இதழ்களில் உள்ளன. ஆங்கிலத்தில் மட்டும் தேடிவிட்டு, "சான்று இல்லை, நீக்குக" என்று கூறுவது முறையாகுமா? ஆகவே நீக்கக் கோருபவர் உரிய மொழிகளில் முதலில் தேட வேண்டும். காரணத்தை எழுதியவருக்குப் பண்போடு விளக்க வேண்டும். திருத்த முடிந்ததைத் திருத்த வேண்டும். அதன் பின்னரே நீக்கம்.

எழுதுவோர்க்கும் கடமை உண்டு. நம் சாரத்தில் பல்லாண்டுகள் பெண்களுக்குத் தையல் கற்பித்த ஓர் அம்மையாரைப் பற்றி ஒரு மாணவி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அச்சில் ஒரு வரியேனும் இல்லையெனில் அக்கட்டுரை நிலைக்காது. கோபித்துப் பயனில்லை. பிறர் முன்பே வெளியிட்டதைத் தொகுப்பதே களஞ்சியத்தின் வேலை. முதன்முதலாகப் பதிவு செய்வது நம் வேலை. 1827-இல் தோன்றிய நம் ரோமன் ரோலண்ட் நூலகம் போன்ற இடங்களுக்குச் சென்று பழைய ஏடுகளைத் தேடுவோம். அங்கும் இல்லாதவற்றை முதியோரிடம் கேட்டு, ஆண்டும் பெயரும் பிழையின்றி இதழ்களுக்கு எழுதுவோம்.

தோழியரே, ஒரு பக்கத்தை நீக்க ஒரு நொடி போதும். அதை எழுதியவர் மனம் நொந்து பேனாவைக் கீழே வைத்துவிட்டால், அவர் இனி எழுதக்கூடிய நூறு பக்கங்களை யார் மீட்டுத் தருவார்?