படம் கொடுக்கும் வாக்கு



இந்த இதழ் சினிமாச் சிறப்பிதழ். வேலை தொடங்கிய அன்று, ஆசிரியர் குழுவில் ஆளுக்கொரு தாளில் தங்களுக்குப் பிடித்த தமிழ்ப் படங்களை எழுதிக் கொடுத்தார்கள். நல்ல ரசனை உள்ள பிள்ளைகள். தாள்களில் இருந்த படங்களில் ஒன்றைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாத் தாளிலும் முதலில் நின்றவை மனம் கனக்கவைக்கும் படங்கள்தான். சிரிப்புப் படங்கள் கடைசியில், போனால் போகிறது என்று சேர்த்ததுபோல் இருந்தன. பேய்ப் படம் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு மனக்குறை. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அழவைத்த படம் உயர்ந்தது, சிரிக்கவைத்தது வெறும் பொழுதுபோக்கு, பயமுறுத்தியது அதற்கும் கீழே என்று தரம் பிரிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்தப் படமும் முதல் பத்து நிமிடத்துக்குள் நமக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறது. சிரிக்கவைக்கிறேன், பதறவைக்கிறேன், ஒரு குடும்பத்தின் பாட்டை உள்ளபடி காட்டுகிறேன் என்று ஏதோ ஒன்று. அந்த வாக்கைக் கடைசி வரை காப்பாற்றுகிற படம் எந்த வகையாக இருந்தாலும் என் கணக்கில் பெரிய படம். பாதியில் கைவிடுகிற படத்துக்கு எத்தனை விருது கிடைத்தாலும் என் மனம் ஒப்புவதில்லை.

சிரிப்பிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வெளிவந்தது 1964-இல். கதையைக் கேட்டால் இரண்டு வரிக்கு மேல் தேறாது. பணக்கார அப்பா, காதலிக்கும் இரண்டு பெண்கள், அவரை ஏமாற்ற ஒரு போலிப் பணக்காரர். கூடவே சினிமா எடுக்கத் துடிக்கும் மகன். 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று கம்பெனி தொடங்கிவிட்ட செல்லப்பாவாக நாகேஷ், அப்பா விஸ்வநாதனாக டி.எஸ். பாலையா. மகன் பணம் கேட்கிறான், அப்பா கதை கேட்கிறார். அங்கேதான் மகன் அப்பாவுக்குத் திகில் கதை சொல்லும் அந்தப் புகழ்பெற்ற காட்சி.

மறுபடி பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். நாகேஷ் குரலாலும் கைகளாலும் இருட்டையும் திகிலையும் உண்டாக்குகிறார். காடும் இல்லை, பேயும் இல்லை. ஸ்ரீதர் அந்தக் கதையைத் தனியாகப் படம்பிடித்துக் காட்டவே இல்லை. அத்தனையும் பாலையாவின் முகத்தில் நடக்கிறது. 'இவன் என்ன சொல்லிவிடப் போகிறான்' என்ற அலட்சியத்தில் தொடங்கும் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் இழுபட்டுப் போகிறது. அதிகாரமாக உட்கார்ந்திருந்த மனிதர் சின்னப் பிள்ளையாகிவிடுகிறார். அவருக்கு வசனம் மிகக் குறைவு. கேட்பது மட்டும்தான் அவருக்கு வேலை. கேட்பதை நடிப்பது எவ்வளவு கடினம் என்று நாடக மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். 1966-இல் இந்தியில் இந்தப் படத்தை எடுத்தபோது மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் இதே காட்சியை நன்றாகவே செய்தார்கள். ஆனாலும் பாலையாவின் அந்தப் பதற்றத்துக்கு இணை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல படங்களில் வில்லனாக மிரட்டிய மனிதர் அவர் என்பதும் அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம்.

படம் முழுக்க யாரும் சாகவில்லை, யாரும் திருந்தவில்லை, யாரும் நமக்குப் புத்தி சொல்லவில்லை. கடைசி அரை மணி நேரத்தில் சென்டிமென்ட் வந்து உட்காரும் வழக்கம் நம் நகைச்சுவைப் படங்களுக்கு உண்டு. ஸ்ரீதரும் அவரோடு எழுதிய சித்ராலயா கோபுவும் அந்த வலையில் விழவில்லை. சிரிக்கவைக்கிறேன் என்றார்கள், சிரிக்கவைத்தார்கள். இதைவிட நேர்மை ஒரு படத்துக்கு வேறென்ன வேண்டும்?

அதே பாலையாவும் நாகேஷும் நான்கு ஆண்டு கழித்து 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் வருகிறார்கள். ஒருவர் தவில் வித்வான் முத்துராக்கு, மற்றவர் வைத்தி. 'கலைமணி' என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். 'பாட்டு வந்தால் கதை நின்றுவிடுகிறது' என்று தமிழ்ப் படங்களைப் பற்றி ஒரு புகார் எப்போதும் உண்டு. பல படங்களுக்கு அது பொருந்தும். இந்தப் படத்துக்குப் பொருந்தாது. இங்கே இசையும் ஆட்டமும்தான் கதை. வாணவேடிக்கைச் சத்தத்தில் தன் வாசிப்பு அமுங்கிப் போவதைப் பொறுக்காத ஒரு கலைஞனின் ரோஷம், அவனுக்குச் சளைக்காத ஒரு ஆட்டக்காரியின் ரோஷம். அந்த இரண்டும் மோதும் இடங்களில் நாகசுரத்தை எடுத்துவிட்டால் கதையே இல்லை. திரையில் கன்னம் புடைக்க ஊதுபவர் சிவாஜி. ஒலிப்பது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம். தவிலோடு உட்கார்ந்திருக்கும் பாலையாவின் தலையாட்டலையும் சேர்த்துப் பாருங்கள். கச்சேரி மேடையில் பக்கத்தில் இருப்பவர் எப்படிக் கேட்பார் என்பதை அந்த மனிதர் எங்கிருந்து படித்தாரோ!

பாட்டே உயிரான படத்தைச் சொல்லிவிட்டு, பாட்டே இல்லாத படத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏவி.எம். நிறுவனம் 1954-இல் வெளியிட்ட 'அந்த நாள்' தமிழில் பாடலே இல்லாமல் வந்த முதல் படம். நடனமும் கிடையாது. அதை இயக்கியவர் யார் தெரியுமா? வீணை எஸ். பாலசந்தர். இசையே மூச்சாக வாழ்ந்தவர், இந்தக் கதைக்குப் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார். பாட்டு தெரியாதவர் பாட்டை விடுவது ஒன்றும் பெரிதில்லை. இவர் விட்டார் என்பதில்தான் எனக்கு அவர் மேல் அத்தனை மரியாதை.

'பராசக்தி' வந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. சிவாஜியின் குரலைக் கேட்கவே கூட்டம் கூடிய காலம். இந்தப் படத்தில் தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் செத்து விழுகிறார். இரண்டாம் உலகப் போர்க் காலம், சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு வீசிய 1943-ஐ ஒட்டிய கதை. செத்துப்போன ராஜன் ஒரு ரேடியோ என்ஜினியர். துப்பறிய வரும் அதிகாரி, படத்துக்கு வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே. விசாரணையில் ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு ராஜன் நம் கண்முன் வருகிறான். நல்ல கணவன், கெட்டிக்காரன், துரோகி. நடுவில் ஒரு பாட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். சந்தேகம் கலைந்துபோயிருக்கும். துப்பறியும் கதைக்கு உயிரே அந்தச் சந்தேகம்தான். வெளிவந்தபோது பெரிய வசூல் இல்லை என்பார்கள். கொன்றது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. இன்னும் பார்க்காதவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பேய்ப் படங்களுக்கு வருகிறேன். சில ஆண்டுகளாகத் தமிழில் பேயும் நகைச்சுவையும் கைகோத்துக்கொண்டுதான் வருகின்றன. குடும்பத்தோடு பார்க்க அவை நன்றாக இருக்கலாம். ஆனால் பயந்த அடுத்த நொடியே சிரிக்கவைத்துவிட்டால் பயம் எங்கே தங்கும்? அதனால்தான் விக்ரம் குமார் இயக்கிய 'யாவரும் நலம்' (2009) எனக்கு அவ்வளவு பிடிக்கும். புதுமனை புகுந்த ஒரு கூட்டுக் குடும்பம். மாதவன் ஏறினால் மட்டும் லிஃப்ட் நகர மறுக்கிறது. பால் திரிந்துபோகிறது. சாமி படம் மாட்டச் சுவரில் ஆணி இறங்குவதில்லை. அந்த வீட்டுக்குள் செல்போனில் எடுத்தால் அவர் முகம் கோணலாக விழுகிறது. பாழடைந்த பங்களாவும் வெள்ளைப் புடவையும் இல்லாமலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. பி.சி. ஸ்ரீராமின் கேமரா அந்தப் புத்தம்புது அடுக்குமாடி வீட்டை நம்மால் நம்ப முடியாத இடமாக்கிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் தொலைக்காட்சித் தொடர். மதியம் ஒரு மணிக்குப் பெண்கள் உட்கார்ந்து பார்க்கும் ஒரு சாதாரண மெகா சீரியலில் அந்த வீட்டுக்கதையே ஓடுகிறது என்பது மாதவனுக்கு மட்டும் புரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கோ மனைவிக்கோ அது எட்டவே இல்லை. நம் வீடுகளில் தினமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எடுத்து, அதையே திகிலாக்கிய அந்த யோசனைக்காகவே இயக்குநரைக் கட்டித் தழுவலாம். பயமுறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு நடுவில் இளைப்பாற விடாத படம் அது.

கனமான படங்கள் எனக்குப் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனசு வராது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அலுவலகம் போகும் சுதா, இருக்கும் மனையில் ஒன்றை விற்று, கடன் வாங்கி, சென்னையில் ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள். அவ்வளவுதான் படம். அனுமதி வாங்க அலைவது, ஒப்பந்தக்காரர் சிமென்ட்டில் கை வைப்பது, அதைச் சித்தாள் மங்கம்மா காட்டிக்கொடுப்பது, இருந்த பணம் கரைவது என்று ஒவ்வொன்றும் வீடு கட்டியவர்கள் பட்டதுதான். இதிலும் பாட்டு கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து எடுத்த இசைதான் பின்னால் வருகிறது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு இந்தப் படம் சிறந்த நடிகைக்கான தேசிய விருதை வாங்கித் தந்தது.

தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். பழைய நாடகக்காரர், நடிக்கிறார் என்றே சொல்ல முடியாது. பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க ஒருநாள் குடையோடு தனியாகக் கிளம்பிப் போகிறார். பூசாத சுவர்களுக்கு நடுவே ஒவ்வொரு அறையாக நடக்கிறார், செங்கல்லைத் தொட்டுப் பார்க்கிறார். பேச்சு இல்லை. வாழ்நாள் முழுக்க வாடகை கொடுத்த ஒரு கிழவர், பேத்தி கட்டும் சுவரைத் தடவிப் பார்க்கும் சந்தோஷம் அந்த முகத்தில் தெரிகிறது. அந்த வீட்டைப் பார்த்ததோடு அவர் காலம் முடிகிறது. பாலு மகேந்திரா நம்மை அழச் சொல்லவில்லை. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கணக்கைக் கணக்காகவே காட்டுகிறேன் என்று முதலில் கொடுத்த வாக்கில் நின்றார். கண்ணீர் நம்முடையது.

காதல் படங்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதற்கு இதழின் உள்ளே தனிக் கட்டுரை இருக்கிறது. அடிதடிப் படங்களில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019). ஒரே இரவில் நடக்கும் கதை. நாயகி இல்லை, பாட்டு இல்லை. கார்த்தியின் சண்டைகளைவிட எனக்குப் பிடித்தது காவல் நிலையத்துக்குள் மாட்டிக்கொண்ட காவலர் நெப்போலியன். அதுவரை சின்னச் சின்ன நகைச்சுவை வேடங்களில் பார்த்துப் பழகிய ஜார்ஜ் மரியான், கல்லூரிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு கும்பலையே தடுத்து நிற்கிறார். பயம் முகத்திலிருந்து போகவே இல்லை, ஆனாலும் கதவை விட்டு நகரவில்லை. அடிதடிப் படம் வீரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால், இதைவிட நல்ல வீரத்தை அண்மையில் நான் பார்த்ததில்லை.

இனி உங்கள் முறை. அடுத்த இதழில் நான்கு பக்கங்களை வாசகர்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். பத்துப் படப் பட்டியல் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். ஒரே ஒரு படம், அதில் ஒரே ஒரு காட்சி. யார் என்ன செய்தார்கள், எந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்போ பயமோ வந்தது என்று விரிவாக எழுதுங்கள். நான் சொன்னதில் உடன்பாடில்லை என்றால் அதையும் எழுதுங்கள், முதலில் அந்தக் கடிதங்களைத்தான் பிரிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்